ஆலை வாசலுக்கு அப்பால் முதலுதவி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியபோது, ஆலைக்குள் முதலுதவிக்கான சட்டத்துக்கு ஐம்பது வயது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டியிருந்தது. அதன் பொறுப்பாளர் முதலுதவிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டியிருந்தது. 500 பேரைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் அறையும் கட்டாயமாக இருந்தது. வாசலுக்கு வெளியே அந்தக் காவல் இல்லை. ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்புபவர் ஒரகடம் சாலையில் விழுந்தால், பீறிடும் ரத்தம் சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்திப் பிடித்தால் பலர் பிழைப்பார்கள். ஆனால் போலீஸ், கோர்ட் என்ற பயமே அருகில் இருப்பவர்களின் கைகளைக் கட்டிப்போட்டது.

2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. உதவுபவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலுவளித்தது. 2019 திருத்தம் அந்தப் பாதுகாப்பை மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழிசெய்தது.