இரு பெயர் கொண்ட கீரைகள்



உழவர் உழாமலே விளையும் உணவு நான்கு பறம்பு மலையில் உண்டு என்று புறநானூற்றில் கபிலர் பாடினார்: மூங்கிலரிசி, பலாச்சுளை, வள்ளிக்கிழங்கு, தேன். சிறுபாணாற்றுப்படை காட்டும் வறிய கிணைமகளோ, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றிச் சமைக்கிறாள். தானே வளரும் பயிர் வறியவர்க்குத் துணையாக நின்றமையை இவற்றால் அறிகிறோம்.

1809ஆம் ஆண்டில் பெங்களூரில் தண்டு அமைந்தது. அதனையொட்டித் தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். அவர்கள் இங்குக் கண்ட கீரைகள் பல புதியன அல்ல, பெயர்களே புதியன. நம் பொன்னாங்கண்ணி இங்கு ஹொனகொன்னெ. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது வழக்கம். பால் ஹாலு ஆயிற்று, பொன் ஹொன்னு ஆயிற்று. வல்லாரைக்கு ஒந்தெலக என்று பெயர். ஓரிலை என்பது அதன் பொருள். மணத்தக்காளி கணிகெ எனப்படும். நம் கீரை என்ற சொல்லே கீரெ சொப்பு என்று கன்னடத்திலும் வாழ்கிறது.

மழை பெய்து கேழ்வரகுப் பயிர் எழும்போது, இடையே பண்ணைக்கீரையும் எழும். களையெடுக்கும் பெண்டிர் அதனை மடியில் சேர்ப்பர். பல கீரை கலந்த அந்தக் கட்டே பெரகெ சொப்பு. அது மசியலாகிக் களிக்குத் துணையாகும். கோடையில் மானாவாரி நிலம் வறண்டபின், ஏரிக்கரையின் ஈரத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் பசுமை காட்டும்.

வட அமெரிக்கப் புல்வெளியின் லகோட்டா மக்களும் இவ்வாறே பருவத்தை உணவால் அறிந்தனர். திம்ப்சிலா என்னும் கிழங்கைக் கோடைத் தொடக்கத்தில் அகழ்ந்து, சடையாகப் பின்னி உலர்த்தினர். ஜூலைத் திங்களுக்குக் காட்டுப்பழம் ஒன்று கறுக்கும் திங்கள் என்றே பெயரிட்டனர். பெயரே அவர்களுக்குப் பஞ்சாங்கம்.

பெங்களூரிலோ அந்தப் பஞ்சாங்கத்தின் ஏடுகள் உதிர்ந்தன. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. எஞ்சிய ஏரிகள் பலவற்றில் கழிவுநீர் கலந்தமையால், அவற்றின் கரைக்கீரை உண்ணத் தக்கதன்று. செடி கண்ணுக்கு மறைந்தால், பெயர் நாவுக்கு மறைய நெடுநாள் ஆகாது.

ஆதலின், நல்ல நிலத்துக் கீரை சந்தைக்கு வரும் நாளில், விற்கும் மூதாட்டியிடம் கன்னடப் பெயரைக் கேளுங்கள். இல்லத்துப் பாட்டியிடம் தமிழ்ப் பெயரைக் கேளுங்கள். இரண்டையும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பெயர் வந்த ஊரையும், மற்றொன்று வாழும் ஊரையும் அதற்கு உரிமையாக்கும்.