பெயரும் உரைகல்லும்

பெயர் வைத்தல் ஒரு நாள் வேலை. பெயர் எடுத்தல் வாழ்நாள் வேலை. பெயர் கெடுதற்கோ ஒரு நாழிகை போதும். 'பெயர்' என்னும் ஒரு சொல்லையே வைத்து, எடுத்து, கெடுத்து, காத்துப் பேசுகின்ற வழக்கு நம் மொழியில் உண்டு. மாந்தர்க்குப் பொருந்தும் இவ்வழக்கு வணிகத்திற்கும் முற்றும் பொருந்துவதாகும்.

இன்று பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ கடை திறக்க முனைவோர் பலர் முதலில் நாடுவது எண்கணிதம் வல்லாரையே. எத்தனை எழுத்து, எந்த எழுத்தில் தொடக்கம் என்று ஆராய்கின்றனர். அது அவரவர் நம்பிக்கை. ஆயினும், எழுத்தை எண்ணுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இப்பெயர் யாருடையது? இதற்கு யார் பொறுப்பு? நல்ல வணிகப் பெயர் எதுவாயினும் அது இவ்வினாவுக்கு ஒளிவுமறைவின்றி விடை கூறியிருப்பதை வரலாற்றில் காண்கிறோம். அவ்வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

கல்லில் எழுதிய பெயர்

நாம் வாழும் இத்தீபகற்பத்தின் வடபால், தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குளோங் தோம் என்றோர் ஊர் உள்ளது. பண்டைக் காலத்தில் கடல் வணிகம் நிகழ்ந்த இடம் அது. அங்குக் கிடைத்த தொல்பொருள்களுள் ஒன்று சிறியதோர் உரைகல். பொற்கொல்லர் பொன்னை உரைத்து மாற்றுக் காணும் அக்கல்லில் 'பெரும்பதன் கல்' என்னும் சொற்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். பத்தர் என இன்றும் வழங்குகின்றோம். எனவே, பெரும்பத்தனுடைய கல் என்பது பொருள்.

கடல் கடந்து வந்த பொற்கொல்லன் ஒருவன் தன் தொழிற்கருவியில் தன் பெயரைப் பொறித்திருக்கின்றான். அழகுச் சொல் எதனையும் அவன் தேடவில்லை. பொன்னின் தரத்தைச் சொல்லும் கல் யாருடையது என்பதை மட்டும் எழுதினான். வணிகப் பெயரின் முதற்பாடம் இதனுள் அடங்கியுள்ளது.

தனி ஒருவன் பெயர் இவ்வாறிருக்க, வணிகக் குழுவின் பெயரையும் காணலாம். சுமத்திராவின் பாருஸ் வட்டாரத்தில், லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவினரைக் குறிப்பிடுகின்றது. 'ஐந்நூற்றுவர்' என்பது கூட்டுப் பொறுப்பைக் காட்டும். 'திசை ஆயிரம்' என்பது அவர்தம் வணிகப் பரப்பை உணர்த்தும். யார் என்பதையும் எங்கெங்கு என்பதையும் ஒரே தொடரில் அடக்கிய பெயர் இது.

செட்டியார் விலாசம்

இனிக் கோலாலம்பூருக்கு வருவோம். லெபோ அம்பாங் சாலையை நம்மவர் செட்டித் தெரு என்றே வழங்கினர். நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகள் அமைத்து வட்டித் தொழில் நடத்திய இடம் அது. ஒரே கூடத்தில் பல நிறுவனங்களின் பெட்டியடிகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவியது 'விலாசம்'.

பாட்டன், தந்தை, மகன் எனத் தலைமுறை வரிசையில் முதலெழுத்துகளைக் கோத்து அமைப்பது விலாசம். 1900இல் பர்மாவின் மோல்மீனில் தொழில் தொடங்கிய அ. மு. முருகப்பச் செட்டியாரின் குடும்பப் பெயரெழுத்துகள் இன்றும் 'ஏ.எம்.எம்.' என அறக்கட்டளையின் பெயரில் நிலைத்திருத்தல் இதற்குச் சான்றாகும். புதியவர் காதுக்கு அவை பொருளற்ற எழுத்துகள். ஆனால், பணம் வாங்குவோருக்கும் கொடுப்போருக்கும் அவற்றின் பொருள் நன்கு விளங்கும். பெட்டியடியில் அமர்ந்திருக்கும் முகவர் சில ஆண்டுகளில் ஊர் திரும்புவார்; வேறொருவர் வருவார். விலாசம் மட்டும் மாறுவதில்லை. முகவர் எழுதும் ஒவ்வொரு சீட்டுக்கும் தம் பாட்டன் பெயரையே ஈடாக வைத்தனர் முதலாளிகள். வாக்குத் தவறினால் கெடுவது ஒருவர் பெயரன்று. மூன்று தலைமுறையின் பெயராகும்.

நேசனும் நிலநிதியும்

குடும்பப் பெயரை ஈடு வைக்கும் முறை ஒருபுறம் இருக்க, மக்களோடு உறவு கொண்டாடும் பெயர்களும் இந்நகரில் தோன்றின. 1924 செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ஏடு 'தமிழ் நேசன்' எனப் பெயர் பெற்றது. முரசு அறிவிக்கும், மலர் மணக்கும், நேசனோ வீட்டுக்குள் வந்து அமர்வான். தோட்டப்புறத்தில் ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்ட ஏட்டுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது. பின்னாளில் எழுந்த 'மலேசிய நண்பன்' இதே உறவைப் பிறிதொரு சொல்லால் உரைத்தது. தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றுபோயிற்று. ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டு தாங்கிய பெயராயினும், வாங்கிப் படிப்போர் குறைந்தவிடத்துப் பெயர் மட்டும் ஓர் ஏட்டைக் காத்துவிடாது என்பதனையும் அவ்வேடு நமக்கு உணர்த்திச் சென்றது.

நோக்கத்தையே பெயராகக் கொண்டது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வாழ்விழந்து நின்ற காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் அதனைத் தோற்றுவித்தார். நிலம் வாங்குதற்கான நிதி. அதனைத் தொழிலாளரே கூட்டாகத் திரட்டுதல். பெயருள் இவ்விரண்டும் உள்ளன. பால்மரம் வெட்டிய கையால் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தியவர்க்கு அப்பணம் எதற்காக என்பதைச் சங்கத்தின் பெயரே நாள்தோறும் நினைவூட்டியது. நோக்கத்தைப் பெயரில் வைத்தவர் நோக்கத்தினின்று விலகுதல் எளிதன்று. விலகினால் பெயரே சாட்சி சொல்லும்.

பொன்னும் மஞ்சாடியும்

நாட்டின் பெருநிறுவனங்களும் பெயரின் அருமையை அறிந்தே நடந்தன. மலேசிய - சிங்கப்பூர் விமான நிறுவனம் பிரிந்து, 1972 அக்டோபரில் நம் நாட்டு விமானங்கள் தனியே பறக்கத் தொடங்கியபோது, அந்நிறுவனத்தின் பெயரெழுத்துகள் 'மாஸ்' என அமைந்தன. மலாய் மொழியில் அது பொன்னைக் குறிக்கும் சொல்.

1985 ஜூலையில் வெளிவந்த முதல் தேசியக் காருக்குப் பெயர் தேட மக்களிடையே போட்டி நடத்தப்பட்டது. முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் தந்த 'சாகா' என்னும் பெயர் தேர்வாயிற்று. சாகா என்பது செந்நிறமான, உறுதிமிக்க விதை. நம் முன்னோர் மஞ்சாடி என்றது இதனையே. இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி எனப் பொன் நிறுத்த சமுதாயம் நம்முடையது. ஷா ஆலாமில் உருவான அந்தக் கார், வீட்டுப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் விதையின் பெயரைத் தாங்கிச் சாலையில் ஓடியது. இது எங்கள் மண்ணினது என்று அறிவிக்க வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

மெக்கரி வழக்கு

பெயர் யாருடையது என்னும் வினா நீதிமன்றம் வரை சென்ற வரலாறும் கோலாலம்பூருக்கு உண்டு. 1999இல் ஜாலான் ஈப்போவில் நம்மவர் ஒருவர் குடும்பமாக ஓர் உணவகம் தொடங்கினார். அதன் பெயர் 'மெக்கரி'. 'மலேசியன் சிக்கன் கறி' என்பதன் சுருக்கமே அது என்பது உரிமையாளர் தந்த விளக்கம். மீன்தலைக் கறி முதலான நம் உணவு வகைகள் அங்குப் பரிமாறப்பட்டன.

அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1982 முதல் நம் நாட்டில் கடை நடத்தி வருவது. 'மெக்' என்னும் முன்னொட்டைக் கொண்டு தன் நற்பெயரை உணவகம் பயன்படுத்திக்கொள்கிறது என 2001இல் அது வழக்குத் தொடுத்தது. தன் சரக்கைப் பிறர் சரக்கெனத் தோன்றச் செய்து விற்றல் குற்றம் என்பது ஆங்கிலச் சட்ட மரபில் வந்த கொள்கை. அக்கொள்கையின்படி உயர்நீதிமன்றம் 2006இல் மெக்டொனால்ட்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

உணவகம் மேல்முறையீடு செய்தது. 2009 ஏப்ரலில் நீதியரசர் கோபால் ஸ்ரீராம் இடம்பெற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. முன்னொட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பாராமல், கடையை முழுமையாக நோக்கியது நீதிமன்றம். அங்கே பொன்னிற வளைவு இல்லை. கட்டைவிரல்களை உயர்த்திக் காட்டும் கோழியின் படம் இருந்தது. விற்ற உணவும் வேறு. உண்ண வந்தோரும் வேறு. ஆகவே, ஒருவரை மற்றொருவராகக் கருதி மயங்க இடமில்லை. 'மெக்' என்பது ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தும் அன்று என்று முடிவாயிற்று. அதனை எதிர்த்து மேற்செல்ல மெக்டொனால்ட்ஸ் கேட்ட அனுமதியை 2009 செப்டம்பர் 8ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் மறுத்தது.

இதில் நாம் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 'மெக்' என்பது ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களின் பழைய மொழியில் 'மகன்' என்று பொருள்படும். மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். தந்தை பெயரை முன்னே வைக்கும் செட்டியார் விலாசமும் அதுவும் ஒரே வகையின. மகன் என்னும் சொல்லை எவரும் வேலி கட்டித் தமக்கென வைத்துக்கொள்ள இயலாதல்லவா?

எனினும் வெற்றியின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. ஒரு பெயரைக் காக்க அச்சிறு உணவகம் எட்டாண்டுகள் வழக்காட நேர்ந்தது. அவ்வளவு காலம் தாங்கும் வலிமை எல்லாக் கடைக்கும் வாய்ப்பதில்லை. பெரியார் பெயரின் நிழல் படும்படி நம் பெயரை அமைத்தால், குற்றமின்மையை மெய்ப்பிக்கும் சுமை நம் தலையில் விழும்.

நாம் கொள்ளத்தக்கவை

மேற்கண்டவற்றால் சில நெறிகள் பெறப்படும். பெயர், உடையவரையோ நோக்கத்தையோ மண்ணையோ உண்மையாகக் காட்டுதல் வேண்டும். பிறர் பெயரோடு மயங்காதிருத்தல் வேண்டும். ஒரே தெருவில் ஒரே தெய்வத்தின் பெயரில் இரு கடைகள் இருப்பின் தெய்வத்திற்கு இழுக்கில்லை. கடிதம் கொணரும் அஞ்சல்காரருக்கே இடர். வாயில் நுழையும் சொல்லாகவும், பிழையின்றி எழுதப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

சட்டத்தையும் அறிதல் நன்று. நிறுவனத்தின் பெயரை மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்தல் ஒன்று. அதனை வணிகக் குறியாகப் பதிவு செய்தல் வேறொன்று. பின்னது இப்போது 2019ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தின்கீழ் அமைகின்றது. முன்னதைச் செய்தவர் பின்னதும் கைகூடிற்று என எண்ணி வாளாவிருத்தல் தகாது. கோலாலம்பூரில் பெயர்ப்பலகையில் தேசிய மொழி முதன்மை பெறுதல் வேண்டும் என்பது விதி. உடன் தமிழையும் எழுதலாம். இடமிருந்தும் தமிழை விடுத்தல் நம் குறையேயாகும்.

ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே அமைக்கலாம். துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ உள்ள பெயர்ப்பலகைகளை மாணவர் எழுதி வரட்டும். எது உடையவர் பெயர், எது ஊர்ப்பெயர், எது தெய்வப்பெயர், எது இரவல் பெயர் என வகைப்படுத்தட்டும். பின்னர், தாம் ஒரு தொழில் தொடங்கினால் என்ன பெயர் வைப்பர், அப்பெயருக்கு எவ்வாறு பொறுப்பேற்பர் என ஒரு பக்கம் எழுதட்டும். சொல்லாட்சியும் நேர்மையும் ஒருங்கே வளர இஃது உதவும்.

பலகையில் பெயரை எழுதுபவர் ஓவியர். அப்பெயருக்குப் பொருள் எழுதுபவரோ கல்லாவில் அமர்ந்திருப்பவர்.