மிதக்கும் பனிக்கு ஒரு சட்டம்

1819ஆம் ஆண்டு ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஸ்மித் அண்டார்க்டிகாவை அடுத்த தென் ஷெட்லாந்துத் தீவுகளைக் கண்டறிந்த செய்தி பரவியதும், பிரித்தானிய, அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் அங்கே விரைந்தன. சீல் எனப்படும் கடல்வாழ் பாலூட்டிகளுள் மென்மயிர் சீலின் தோலுக்கு நல்ல விலை கிடைத்ததால், கரையேறிக் குட்டி ஈனும் இடங்களிலேயே அவை தடியால் அடித்துக் கொல்லப்பட்டு, சில ஆண்டுகளில் ஏறக்குறைய அற்றுப்போயின. 1821, 1822ஆம் ஆண்டுகளில் 3,20,000 தோல்கள் எடுக்கப்பட்டதாகக் கணக்கிட்ட ஜேம்ஸ் வெடல், தாமும் சீல் வேட்டைக் கப்பலின் தலைவரே ஆயினும், தென் அமெரிக்காவின் பிளாட்டா ஆற்று முகத்துவாரத் தீவு ஒன்றில் குறித்த பருவத்தில் மட்டும் வேட்டை அனுமதிக்கப்பட்டதை எடுத்துக்காட்டி, இங்கும் அத்தகைய கட்டுப்பாடு இருந்திருந்தால் ஆண்டுதோறும் வருவாய் நிலைத்திருக்கும் என்று எழுதினார். ஆனால் எந்த நாட்டின் ஆட்சியும் நிலைபெறாத கரையில் அதை விதிக்க எவருமில்லை.

அக்குறை நீங்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 12 நாடுகள் 1959இல் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1964இல் பிரஸ்ஸல்ஸில் ஏற்கப்பட்ட விதிகள், அனுமதிச் சீட்டின்றி அங்குள்ள பாலூட்டிகளையோ பறவைகளையோ கொல்லக் கூடாது என்றன. திமிங்கிலங்கள் மட்டும் இதற்கு விலக்கு. மென்மயிர் சீலும் ராஸ் சீலும் சிறப்புப் பாதுகாப்புப் பெற்றன. எனினும் மூல உடன்படிக்கை, எந்நாட்டுக்கும் உரியதல்லாத திறந்த கடலில் நாடுகளுக்குள்ள உரிமைகளைத் தொடாமல் விட்டிருந்ததால், பாறைமேல் படுத்திருந்தவரை காக்கப்பட்ட சீல், அருகில் மிதக்கும் பனிப்பாளத்துக்கு நகர்ந்ததும் காப்பை இழந்தது. பெரும்பாலான சீல்கள் வாழ்வதோ அந்த மிதவைப் பனியில்தான். 1964ஆம் ஆண்டிலேயே நார்வேக் கப்பலொன்று அங்கே சோதனை வேட்டை நடத்தியது.

இந்த ஓட்டையை அடைக்கவே 1972இல் லண்டனில் தனி உடன்படிக்கை உருவாகி, 1978இல் நடைமுறைக்கு வந்தது. நண்டுண்ணி சீலுக்கு 1,75,000, சிறுத்தை சீலுக்கு 12,000, வெடலின் பெயர் தாங்கிய சீலுக்கு 5,000 என ஆண்டு உச்சவரம்பு குறிக்கப்பட்டது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேட்டை அறவே தடுக்கப்பட்டது. இவ்வரம்புகள் தாராளமானவையே, ஆயினும் மிதவைப் பனியில் வணிகம் வேரூன்றிய பிறகல்லாமல் அதற்கு முன்பே வந்ததுதான் இவ்வுடன்படிக்கையின் அரிய சிறப்பு. வணிக வேட்டை அங்கே மீண்டும் தலையெடுக்கவில்லை.

அண்டார்க்டிக் உடன்படிக்கைக்குத் துணையாக 1991இல் உருவான மாட்ரிட் நெறிமுறை, அங்கே மனிதர் கொண்டுசென்ற நாய்களையும் விடவில்லை. அவற்றின் நோய் சீல்களுக்குத் தொற்றக்கூடும் என்ற அச்சத்தால், 1994 ஏப்ரல் 1க்குள் அனைத்தையும் வெளியேற்றுமாறு அது பணித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பனிவண்டி இழுத்த அந்நாய்களுக்கு இரையாகவும் சீல்களே கொல்லப்பட்டு வந்தன.