திறன்பேசி அறிவிப்புகளும் கவனமும்

திறன்பேசி அறிவிப்பு (நோட்டிபிகேஷன்) என்பது குறுஞ்செய்தி, மின்னஞ்சல், செயலித் தகவல் முதலியவை வந்திருப்பதை ஒலி, அதிர்வு, திரை ஒளிர்வு ஆகியவற்றால் உடனே உணர்த்தும் குறிப்பு. வந்த செய்தியைத் திறந்து பார்க்காவிட்டாலும், அது வந்ததை உணர்வதே கவனத்தைக் கலைக்கிறது.

தோற்றம்

மின்னஞ்சல் வந்தவுடனே கைக்கருவியில் சேரும் வழக்கத்தைப் பிளாக்பெர்ரி கைபேசி பரவலாக்கியது. 2009-இல் ஆப்பிள் தொடங்கிய புஷ் சேவையால், மூடியிருக்கும் செயலியும் பயனரை அழைக்க முடிந்தது. 2014-இல் வெளியான ஆய்வில், ஆய்வாளர் மார்ட்டின் பீலோட் குழு ஒரு வாரம் ஆராய்ந்த 15 பேருக்கு, நாளொன்றுக்குச் சராசரியாக 63.5 அறிவிப்புகள் வந்தன.

கவனத்தில் விளைவு

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வொன்றில் (2015), திரையில் தோன்றும் எண்களில் 3 தவிர மற்றவற்றுக்கெல்லாம் விசையை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தவர்கள், பேசியைத் தொடாமலிருந்தும் கூடுதலாகப் பிழை செய்தனர். யார், எதற்காக என்று மனம் அலைவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. இதைப் போலவே, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பின்னும் முந்தையதிலேயே ஒட்டிநிற்கும் எண்ணத்தை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் ‘கவன எச்சம்’ என்றார்.

உளநலத்தில் விளைவு

ஆய்வாளர் குளோரியா மார்க் குழுவின் 2008 ஆய்வில், இடையூறுக்கு ஆளானவர்கள் வேலையை விரைந்தே முடித்தனர். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் அவர்களிடம் மிகுந்திருந்தன. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் 221 பேர், ஒரு வாரம் அறிவிப்புகளை இயக்கியும் மறு வாரம் அடக்கியும் வைத்தனர். இயக்கிய வாரத்தில் கவனச்சிதறலும் பரபரப்பும் கூடியிருந்ததாகக் கூறினர். ஆனால் அவர்கள் கூறிய இந்த அறிகுறிகள் நோய்க்கான சான்று அல்ல. வராத அழைப்புக்குப் பேசி அதிர்வதாகத் தோன்றும் ‘பொய்யதிர்வு’, அமெரிக்க மாணவர்களிடம் நடத்தி 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் 89 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது.

கட்டுப்படுத்தும் முறைகள்

அறிவிப்புகளை அடியோடு நிறுத்துவது எல்லாருக்கும் உதவுவதில்லை. 2019 ஆய்வொன்றில் அவ்வாறு நிறுத்தியவர்களிடம், எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது. நாளுக்கு மூன்று வேளை மொத்தமாகப் பெற்றவர்களோ கவனமும் நல்ல மனநிலையும் கூடி, அழுத்தம் குறைந்து காணப்பட்டனர். 2021-இல் ஆப்பிளின் திறன்பேசி இயங்குதளமான ஐஓஎஸ் 15, குறித்த நேரத்தில் அறிவிப்புகளைத் தொகுத்துத் தரும் வசதியைச் சேர்த்தது. வீட்டாரின் அழைப்பு போன்ற அவசரமானவற்றை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றவற்றைக் காத்திருக்க வைத்தால், எப்போது பார்ப்பது என்ற முடிவு பயனர் கைக்குத் திரும்புகிறது.