சீட்டித்துணி கடல் கடந்த கதை



தைப்பூச நாளில் வடலூர் சத்திய ஞான சபைக்குச் சென்றவர்கள் ஏழு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகுவதைக் கண்டிருப்பீர்கள். கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை என ஆறு திரைகளுக்கு ஆறு நிறங்கள். ஏழாவது திரை கலப்பு நிறம். 1872ஆம் ஆண்டில் வள்ளலார் நிறுவிய அச்சபையில் இந்நிறங்கள் உணர்த்தும் பொருளைப் பற்றி அறிஞர் பலர் விரித்துரைத்துள்ளனர். அதனை விளக்கும் தகுதி எனக்கில்லை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது நிறமூட்டிய துணியைப் பற்றியும், அத்துணியின் துண்டுகளை ஊசியும் நூலும் கொண்டு இணைக்கும் கலையைப் பற்றியுமே ஆகும். வடலூரிலிருந்து கிழக்கே புறப்பட்டால் கைலி நெய்யும் தறிகள் நிறைந்த குறிஞ்சிப்பாடி வரும். அதனையும் கடந்து சென்றால் கடலூர்த் துறைமுகம் வரும். என் கதையும் ஏறக்குறைய அந்த வழியிலேயே செல்வதுதான்.

பலநிறத் துணித் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து மேல்விரிப்பாக்கி, அதற்கும் அடித்துணிக்கும் இடையே பஞ்சு பரப்பி, மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைத்து முடிப்பதை ஆங்கிலேயர் குவில்ட் என்பர். அமெரிக்க நாட்டில் இது வீட்டுக்கு வீடு போற்றப்படும் கலை. நம்மிற் பலர் இதனை மேல்நாட்டு மாதர் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்பதே இன்றைய வினா.

கந்தையைத் தைத்து உடுப்பது எல்லா நாட்டு ஏழைகளும் அறிந்த செயல். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கரிகாற் பெருவளத்தானைக் காணச் சென்ற பொருநன் உடுத்திருந்தது வேற்று நூல் புகுந்து தையலுண்ட கந்தையே; அதனைக் களையச் செய்து, பாம்பின் உரிபோல் மெல்லிய ஆடையை மன்னன் அளித்தான் என்று அந்நூல் கூறுகிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்துத் துன்னகாரர் என்று ஒரு வகுப்பாரைச் சுட்டுகிறது. துன்னம் என்றால் தையல், துன்னகாரர் தையற்காரர். ஆகவே ஊசி நமக்குப் புதிதன்று.

என் இளமையில் எங்கள் வீட்டில் மெத்தை கிடையாது. நைந்த புடவைகளை நான்காக மடித்து, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவி, நீண்ட ஓட்டுத் தையலாக என் தாயார் தைத்துத் தருவார்கள். அதன்மேல்தான் நாங்கள் உடன்பிறந்தோர் நால்வரும் உறங்கினோம். வங்காளத்தில் இதே வகையில் தைத்த விரிப்பைக் காந்தா என்கின்றனர். அங்கே அதற்குப் பூவேலையும் புகழும் சேர்ந்துவிட்டன. எங்கள் வீட்டு விரிப்புக்குப் பெயர்கூட இல்லை.

வறுமைக்குத் தைப்பது ஒன்று, அழகுக்குத் தைப்பது மற்றொன்று. அழகுக்குத் தைத்ததற்குச் சான்று வேண்டுமானால் தேர்த்திருவிழாவிற்குச் சென்று நிமிர்ந்து பாருங்கள். தேரின் பக்கங்களில் உருளை வடிவாகத் தொங்கி அசைகின்றனவே, அவற்றிற்குத் தொம்பை என்று பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளைப் பூவாகவும் பறவையாகவும் வெட்டி, மற்றொரு துணியின்மேல் பொருத்தித் தைக்கப்பட்டவை அவை. தஞ்சை வட்டாரத்துக் கைவினைஞர் இவ்வேலையில் பெயர் பெற்றவர்கள். துணியின்மேல் துணியை வைத்து ஓவியம் தீட்டும் இதே முறையை ஐரோப்பிய மாதரும் பின்னாளில் கையாண்டனர். ஆயினும், அவர்கள் வெட்டிய துணி யாருடையது என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

கடலூருக்கு அருகேயுள்ள தேவனாம்பட்டினத்தில் செஞ்சி நாயக்கரின் இசைவு பெற்று ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பண்டகசாலை அமைத்தனர். ஆங்கிலக் கம்பெனியார் 1690ஆம் ஆண்டில் அவ்விடத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டனர். விற்பனைக்கு ஒரு வேடிக்கையான எல்லை குறிக்கப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுடுவது. குண்டு எத்துணைத் தொலைவு சென்று விழுகிறதோ அதுவரையுள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனியார் தங்களிடமிருந்த பீரங்கிகளில் நல்லதாகப் பார்த்தே சுட்டிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இத்தனை முயற்சியும் எதற்காக? பொன்னுக்கன்று, முத்துக்கன்று, பெரும்பாலும் துணிக்காகவே. கரை நெடுகிலும் வாழ்ந்த நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் வணிகர் வழியாக முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிக் கப்பலேற்றுவதே அவர்களது தலையாய தொழில்.

அத்துணிகளுள் பூவும் கொடியும் தீட்டிய வண்ணத் துணியைத் தமிழில் சீட்டி என்போம். நம் பாட்டிமார் சீட்டிப் பாவாடை என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வடநாட்டுச் சொல்லாகிய சீந்த் என்பதே இங்கே சீட்டியாயிற்று. ஆங்கிலத்தில் சின்ட்ஸ் ஆயிற்று. படுக்கையை முழுதும் மூடும் அளவில் ஒரே பெரிய மரம் கிளை விரித்து, கிளைதோறும் வெவ்வேறு பூ மலர்ந்து நிற்பதாகத் தீட்டிய விரிப்புக்கு ஐரோப்பியர் பாலம்போர் என்று பெயரிட்டனர். கட்டில் மூடி என்று பொருள்படும் பலங்போஷ் என்பதன் திரிபு அது. சீட்டியில் பெரும்புகழ் மசூலிப்பட்டினத்தினுடையது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் புதுச்சேரி, நாகப்பட்டினம் ஈறாகச் சோழமண்டலக் கரை முழுவதிலும் இவ்வேலை நடந்தது.

இதில் வியப்பு ஓவியத்தில் அன்று, சாயத்தில் இருக்கிறது. ஐரோப்பியருக்கு அக்காலத்தில் பருத்தியின்மேல் நிற்கும் வண்ணம் செய்யத் தெரியாது. அவர்கள் தீட்டியது முதற் சலவையிலேயே ஓடிவிடும். நம்மவர் தீட்டியதோ வெளுக்க வெளுக்கப் பொலிவு பெற்றது. இந்த மறைபொருளை அறிய வேண்டுமென்று பிரெஞ்சு நாட்டு அறிவியலறிஞர் து ஃபே விரும்பினார். மின்சாரம் இருவகைப்பட்டது என்று கண்டு சொன்ன அதே து ஃபேதான் இவர். கல்லூரி மாணவர்கள் இப்பெயரை அறிவீர்கள். அவருக்காகத் தெ பொல்யூ என்னும் கடற்படை அதிகாரி 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் ஒரு சாயக்காரரின் அருகே அமர்ந்து, அவர் செய்வதையெல்லாம் பார்த்து எழுதினார். எழுதியதோடு நில்லாமல், ஒவ்வொரு நிலையிலும் அத்துணியில் ஒரு துண்டை வெட்டி ஏட்டில் ஒட்டிக்கொண்டார். அவ்வேடு இன்றும் பாரிஸ் நகரில் உள்ளது. கேர்தூ என்னும் பாதிரியார் 1742இல் எழுதிய நீண்ட கடிதத்திலும் இம்முறை விவரிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன மொழிகளுக்கும் உள்ள உறவைக் கண்டு எழுதியவரும் இவரே.

அவர்கள் கண்டது என்ன? முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தினர். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு தீட்டிய கோடு பரவாமல் காக்கும். பிறகு துணியைக் கட்டையால் தட்டி வழவழப்பாக்கினர். ஊசியால் துளையிட்ட தாளின்மேல் கரித்தூளைத் தட்டிக் கோலத்தைத் துணியில் இறக்கினர். புளித்த நீரில் ஊறிய இரும்பின் சாற்றைத் தொட்டுக் கோடிழுக்க, கடுக்காயோடு சேர்ந்து அது கருநிறம் கொண்டது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டினர். அப்போது அங்கே நிறம் எதுவும் தோன்றாது. துணி முழுவதையும் சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைத்து வெளுத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச் செவேலென்று நிற்கும். மற்ற இடத்துச் சிவப்பெல்லாம் கழன்றுவிடும். நீலத்திற்கு வழி வேறு. நீலம் ஏறக்கூடாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்த்தெடுத்தனர். நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை. இந்த மஞ்சள் ஒன்றே உறுதி குறைந்தது. ஆகவேதான் இன்று அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள பழைய விரிப்புகளில் இலைகள் நீலமாகக் காட்சியளிக்கின்றன. அவற்றைத் தீட்டியவர் கண்ட இலை பச்சைதான்.

வேதியியல் நூல் எதுவும் கல்லாத ஒருவர் இவ்வளவையும் வரிசை தவறாமல் செய்தார். அந்தப் பிரெஞ்சுக்காரர் பெயர் நமக்குத் தெரிகிறது. புதுச்சேரிச் சாயக்காரர் பெயர் தெரியவில்லை.

இனி, கப்பலேறிய துணியைப் பின்தொடர்வோம். சீட்டியின்மேல் ஐரோப்பியர் கொண்ட மோகம் அந்நாட்டு நெசவாளரின் வயிற்றில் அடித்தது. பிரெஞ்சு அரசு 1686இல் அதனைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டுச் சட்டம் வண்ணந்தீட்டிய கீழ்நாட்டுத் துணியை உள்நாட்டில் விற்பதற்கென இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அதுவும் போதவில்லை. 1719இல் இலண்டன் நெசவாளர் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்து வந்த பெண்களின்மேல் மையையும் எரிநீரையும் வீசினர், ஆடைகளைக் கிழித்தனர். 1721இல் பிறந்த மற்றொரு சட்டம் சீட்டியை உடுப்பதையே குற்றமாக்கிற்று. அந்நெசவாளரின் பசியும் உண்மையே; அவர்களை மட்டும் பழிக்க என் மனம் ஒப்பவில்லை. பின்னர் நம் நாட்டு நெசவாளர் பசித்தபோது அவர்களுக்கென ஒரு சட்டமும் பிறக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

விலையுயர்ந்த பொருளாகவும் கிடைத்தற்கரியதாகவும் ஆன துணியை யார் எறிவார்? பழைய ஆடையிலும் விரிப்பிலும் எஞ்சிய சிறு துண்டையும் மாதர் பெட்டியில் சேர்த்தனர். சேர்த்தவற்றை எண்கோணமாகவும் சிலுவை வடிவாகவும் வெட்டி இணைத்தனர். வட இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் ஒரு குவில்ட் பாதுகாக்கப்படுகிறது. அது 1708ஆம் ஆண்டளவில் தைக்கப்பட்டதென்பது அங்குள்ள மரபுச் செய்தி. ஆங்கில ஒட்டுத்துணி வேலையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையவற்றுள் ஒன்றாகிய அது முழுவதும் இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. பின்னர் வேறொரு முறையும் பரவிற்று. சீட்டியிலுள்ள பூவையும் பறவையையும் மட்டும் நுணுக்கமாக வெட்டியெடுத்து வெள்ளைத் துணியின்மேல் பரப்பித் தைத்தனர். ஒரு முழச் சீட்டி ஒரு கட்டில் விரிப்பையே பூக்காடாக்கிவிடும். அமெரிக்காவின் தென்பகுதியிலும் இம்முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை செழித்திருந்தது. இதற்குப் பின்னாளில் வழங்கிய பெயர் பாரசீகப் பூவேலை என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். துணி சோழமண்டலத்தது, புகழ் பாரசீகத்திற்கு!

இதற்குள் ஐரோப்பியர் சாய முறையைக் கற்று, இயந்திரத்தால் அச்சிடத் தொடங்கிவிட்டனர். சாயவேரின் சிவப்புக்கு ஈடான செயற்கைச் சாயம் 1868இல் ஜெர்மனியில் ஆக்கப்பட்டது. செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. தென்னார்க்காட்டு வயல்களில் பயிரான அவுரி அதன்பின் மெல்ல மெல்ல மறைந்தது.

நம் துணி ஒட்டுத்தையலோடு மீண்டும் ஒருமுறை உறவு கொண்டது. 1958ஆம் ஆண்டில் சென்னைக் கட்டத்துணி ஆயிரக்கணக்கான கசமாக நியூயார்க் சென்றது. குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற குறிப்பு வாங்குவோரை எட்டவில்லை. சலவை இயந்திரத்தில் இட்டவுடன் சாயம் ஓடிற்று, வாங்கியோர் கொதித்தனர். வணிகர் அஞ்சவில்லை, ஒவ்வொரு சலவைக்கும் புதுப்புது நிறம் காட்டும் துணி இது, சாயம் ஓடுவதற்கு உறுதி கூறுகிறோம் என்றே விளம்பரம் செய்தனர். குற்றம் குணமாயிற்று! அடுத்த ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி இளைஞர், பல கட்டத்துணிகளைச் சதுரம் சதுரமாக ஒட்டித் தைத்த மேற்சட்டையையும் விரும்பி அணிந்தனர். ஓடாத சாயத்திற்குப் பெயர் பெற்ற கரையிலிருந்து ஓடும் சாயம் போய்ப் புகழ் பெற்றதை எண்ணினால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சற்று வருத்தமும் வருகிறது.

இன்று இக்கலையை நம் நாட்டு நகரங்களிலும் பலர் பயில்கின்றனர். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் இந்தியக் குவில்ட் விழா ஒன்றே நடைபெற்றது. அவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் வண்ணத் துணிகளில் காணும் பூங்கொடிகள் பலவற்றிற்கு மூதாதை நம் கரைச் சீட்டியே ஆகும்.

என்னைப் பற்றிய செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் தையல் வகுப்பின் நேரத்தை நான் கணக்குப் பாடத்திற்கு மாற்றிவிடுவது வழக்கம். தையலாசிரியை ஒருமுறை என்னிடம் வந்து, "வாரத்திற்கு ஒரு மணியாவது விட்டுக் கொடுங்கள் ஐயா" என்று கேட்டார். "தையலுக்கு மதிப்பெண் உண்டா அம்மா?" என்றேன். அவர் மறுமொழி கூறாமல் சென்றுவிட்டார். அவர் ஓய்வுபெற்ற நாளில் மாணவியர் ஒரு விரிப்பைக் கொண்டுவந்து அவர் தோளில் போர்த்தினர். குறிஞ்சிப்பாடிக் கைலியின் ஒட்டுத் துண்டுகள், பள்ளிச் சீருடையில் வெட்டி எஞ்சிய நீலத் துணி, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் புடவையின் சிவப்புக் கரை எல்லாம் அதில் இருந்தன. பள்ளி விட்டபின் வேப்பமரத்தடியில் அமர்ந்து ஓராண்டாகத் தைத்தார்களாம். நான் அதனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். முக்கோணங்களும் சாய்சதுரங்களுமாக நூற்றுக்கணக்கான துண்டுகள். எட்டு முனைகள் வந்து கூடும் இடத்திலும் ஒரு நூலிழை விலகவில்லை. கணக்கு வகுப்பில் கரும்பலகைக்கு வர அஞ்சி நிற்கும் ஒரு சிறுமி முன்வந்து, "கோணம் கொஞ்சம் தப்பினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும் ஐயா, முதல் மூன்று முறையும் பிரித்துத்தான் தைத்தோம்" என்றாள்.