பண்ணையடிமையின் மகள் பெற்ற பட்டம்

மருத்துவத்திலே ஆராய்ச்சிப் பட்டமா? அதுவும் ஒரு பெண்ணுக்கா? காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சி காய்ச்சித் தரலாமாம் பெண்; காய்ச்சலின் காரணத்தை மட்டும் ஆராயக் கூடாதாம்! நாம் இன்று எள்ளி நகையாடும் இந்த நியாயத்தை, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே பேரறிஞர்களே பேசினர்.

நதேழ்தா சுஸ்லோவா 1843-இல் ரஷ்யாவிலே பிறந்தவர். தந்தை, ஒரு பிரபுவிடம் பண்ணையடிமையாய் இருந்து விடுதலை பெற்றவர். மகளோ பீட்டர்ஸ்பர்க் மருத்துவக் கழகத்திலே, உடலியல் மேதை செச்சனோவின் விரிவுரை கேட்க அமர்ந்தார். பொறுக்குமா ஜார் ஆட்சிக்கு? 1864-இல் பெண்களுக்குக் கதவடைத்தனர். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, கருத்துக்கு ஏது?

சுவிட்சர்லாந்து சென்றார் சுஸ்லோவா. சூரிச் பல்கலைக்கழகத்திலே முதலில் வெறும் கேட்பாளர். 1867-இல், டாக்டர் பட்டத் தேர்வுக்கு அனுமதி கேட்டார். பெண்ணைச் சேர்க்கும்படி அங்கே விதியில்லை. சேர்க்காதே என்றும் விதியில்லை. எழுதாத விதியைக் காட்டியே ஏழையை விரட்டும் இடங்களை நாம் அறிவோம். சூரிச் அந்தச் சூதாடவில்லை. பதிவேட்டிலே பெயரை ஏற்றித் தேர்வுக்கு அழைத்தது.

அவர் ஆராய்ந்தது என்ன? தவளையின் உடலிலே, குருதியைச் செலுத்தும் இதயமன்றி, நிணநீரைச் சிரைகளுக்குள் தள்ளும் சின்னஞ்சிறு இதயங்களும் உண்டு. அவற்றின் இயக்கமே ஆய்வுப் பொருள். 1867 டிசம்பரில், 24-ஆம் வயதில், மருத்துவ டாக்டரானார்; அப்பல்கலைக்கழகத்திலே அப்பட்டம் பெற்ற முதல் பெண்!

தாயகம் திரும்பினார். மாலையா காத்திருந்தது? மற்றுமொரு தேர்வு! அதிலும் வென்று, ரஷ்யாவிலே மருத்துவத் தொழில் நடத்தும் உரிமை பெற்றார்.

அவர் சென்ற தடத்திலே சென்றனர் பெண்கள். 1873-இல் ஏறத்தாழ 100 ரஷ்யப் பெண்கள் சூரிச்சிலே பயின்றனர், பெரும்பாலோர் மருத்துவம். அரண்மனை அரண்டது! அந்த ஆண்டே ஆணை பிறந்தது: 1874 ஜனவரி முதல் நாளுக்குப் பின்னும் அங்கே பயில்வோர்க்கு, ரஷ்யாவிலே தேர்வுமில்லை, வேலையுமில்லை. காரணம் காட்ட வேண்டுமே! அந்தப் பெண்கள் கட்டற்ற காதலைப் பேசுகிறார்களாம். கருச்சிதைவு செய்யவே மருத்துவம் கற்கிறார்களாம். நோயறியச் சென்ற மகளிர்மீது ஒரு பேரரசே பழி தூற்றிற்று!

பலர் பெட்டியைக் கட்டினர். எல்லோரும் வீடு திரும்பவில்லை. ஆணையிலே இருந்தது சூரிச்சின் பெயர்தான். சிலர் பெர்ன் நகரப் பல்கலைக்கழகம் சென்று, விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தனர்.