சிங்காநல்லூரில் ஆடிய ரம்பா

தமிழ்த் திரையின் பழைய வரலாற்றைச் சென்னைக்குள்ளேயே தேடுவது நம் வழக்கம். ஆனால் டி.ஆர். ராஜகுமாரியின் புகழில் கணிசமான பங்கு கோவை சிங்காநல்லூரின் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது.

1922இல் தஞ்சையில் ராஜாயி என்ற பெயருடன் பிறந்தவர். பாட்டி குஜலாம்பாள் பாடகி. கே. சுப்ரமணியத்தின் 'கச்ச தேவயானி' (1941) அவரை நாயகியாக்கிற்று. பின்னர் வந்த 'சிவகவி' (1943), 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' இரண்டும் கோவையில் எடுக்கப்பட்டவை. இரண்டிலும் அவர் எம்.கே. தியாகராஜ பாகவதரை மயக்க முயலும் கணிகை. 'ஹரிதாஸி'ல் கற்புள்ள மனைவியாக வருபவர் என்.சி. வசந்தகோகிலம். அறம் மனைவிக்கு, ஆட்டம் ரம்பாவுக்கு என்று கதையே பாகம் பிரித்துவிடுகிறது.

சதிரைப் பேணிவந்த பெண்மரபு பொதுமேடைகளில் பழிக்கப்பட்ட காலம் அது. பொட்டுக்கட்டும் முறையைச் சென்னை மாகாணச் சட்டம் ஒழித்தது 1947இல். மேடையில் தூற்றப்பட்டதைத் திரையில் காசு கொடுத்துக் கண்டார்கள்; 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதரின் குரலுக்கே அந்த வெற்றியை எழுதிவைக்கிறோம். ராஜகுமாரியின் கண்ணையும் இடையையும் நீக்கிவிட்டு அப்படத்தின் புகழ்பெற்ற பாடற்காட்சியை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள்; விடுவோம்.

மணம் செய்துகொள்ளாத அவர் தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் படங்கள் தயாரித்தார். தியாகராய நகரில் தம் பெயரிலேயே திரையரங்கு கட்டினார். 1999இல் மறைந்தார். அத்திரையரங்கும் இன்று இல்லை.